தகயாமாவுக்குப் போனால் ஒரு ராத்திரி தங்குங்கள்

நகோயாவில் குடியிருக்கும் இந்த ஒன்பது வருடத்தில் ஆறு தடவை தகயாமாவுக்குப் போயிருக்கிறேன். எனக்காகப் போனது இரண்டு தடவைதான். மற்றதெல்லாம் ஊரிலிருந்து வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனது. டோக்கியோ, கியோட்டோ எல்லாம் முடித்துவிட்டு வருபவர்கள் கடைசியில் "கூட்டமில்லாத மலை ஊர் ஏதாவது இருந்தா சொல்லேன்" என்பார்கள். மலை ஊர் சரி. கூட்டமில்லாத என்பதற்குத்தான் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும்.

முதல் தடவை எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். காலையில் கிளம்பிப் பதினொரு மணிக்கு இறங்கினோம். பழைய தெருவில் ஊர்ந்துகொண்டிருந்த கூட்டத்தில் நாங்களும் ஊர்ந்தோம். என் மைத்துனர் ஹிதா மாட்டிறைச்சி சுஷிக்கு (ஹிதா என்பது இந்த மலைப்பகுதியின் பழைய பெயர்) நாற்பது நிமிடம் வரிசையில் நின்றார். நாங்கள் அவருக்காக நின்றோம். நாலு மணி வண்டியில் திரும்பும்போது என் செல்போனில் இருந்த படங்களில் பாதி யாரோ ஒருவருடைய முதுகுப்பை. இரண்டாவது தடவை அங்கேயே தங்கினேன். சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வந்தால் அதே தெருவில் ஒரு பூனை மட்டும் நடந்துகொண்டிருந்தது. பகல்நேரப் பேருந்துகள் எல்லாம் போய்விட்டிருந்தன.

ஆகவே முதல் விதி: அறை கிடைத்தால்தான் பயணம். கிடைக்காவிட்டால் தேதியை மாற்றுங்கள்.

ரயிலில்

நகோயாவிலிருந்து 'ஹிதா' விரைவு வண்டியில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். முதன்முறை ஏறுபவர்கள் பதறிப்போவார்கள், ஏனென்றால் இருக்கைகள் எல்லாம் பின்பக்கம் பார்த்திருக்கும், வண்டி நம்மை முதுகுப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். என் அத்தை எழுந்து நின்று இருக்கையைத் திருப்ப முயன்றார். பொறுங்கள். இருபது நிமிடத்தில் கிஃபு வரும், அங்கே வண்டி திசை மாறும், அதன்பிறகு கடைசிவரை எல்லோரும் முன்னே பார்த்தபடி போகலாம்.

அப்புறம் ஹிதா ஆறு கூடவே வரும். ஒரு நேரம் இடப்பக்கம், ஒரு நேரம் வலப்பக்கம், அதனால் எந்த ஜன்னல் நல்லது என்று சண்டை வேண்டாம். ஆனால் கெரோ தாண்டிய பிறகு தூங்காதீர்கள். குகுனோ என்ற சின்ன ஸ்டேஷனைக் கடந்ததும் ஒரு சுரங்கம் வரும், இரண்டு கிலோமீட்டர் நீளம். உள்ளே போகும் முன் பார்த்த தண்ணீர் தெற்கே ஓடிப் பசிபிக் கடலில் சேரும். வெளியே வந்ததும் பார்க்கும் தண்ணீர் வடக்கே ஓடி ஜப்பான் கடலில் சேரும். தலைக்கு மேலே இருப்பது நாட்டின் முதுகெலும்பு. அடுத்த சில நிமிடங்களில் தகயாமா.

இறங்கும்போது குளிரும். ஊர் 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபரில் நகோயாவில் அரைக்கைச் சட்டையில் கிளம்பினாலும் அங்கே காலையில் கம்பளிச் சட்டை வேண்டும். ஜனவரி என்றால் காலுக்கு அடியில் பனி உறைந்திருக்கும், வழுக்காத செருப்படி உள்ள பூட்ஸ் இல்லாமல் பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

2005இல் சுற்றுப்பட்ட ஊர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டதில், பரப்பளவில் ஜப்பானிலேயே பெரிய நகராட்சி இதுதான். ஏறக்குறைய டோக்கியோ மாநிலம் அளவு. பயந்துவிடாதீர்கள், அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காடு. நாம் பார்க்கப்போவது ஸ்டேஷனிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் முடிந்துவிடும்.

முதல் நாள்: ஜின்யாவில் தொடங்குங்கள்

மதியம் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தால் போதும். பழைய தெருவுக்கு உடனே ஓடாதீர்கள், அந்த நேரத்தில் அங்கே திருவிழாக் கூட்டம். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு தகயாமா ஜின்யாவுக்குப் போங்கள்.

ஜின்யா என்றால் எதோ அரண்மனை என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவார்கள். அது ஒரு கச்சேரி, நம் பழைய கலெக்டர் ஆபீஸ் மாதிரி. கானமோரி வம்சம் ஆறு தலைமுறையாக இங்கே ஆண்டது. மலை மரத்தின்மேலும் சுரங்கத்தின்மேலும் கண் வைத்த ஷோகன் அரசு (அப்போது நாட்டை ஆண்ட ராணுவத் தலைமை) 1692இல் அவர்களைத் தூர தேசத்துக்கு மாற்றிவிட்டு ஹிதாவை நேரடியாகத் தன் கைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் 177 வருடம் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) 25 அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராக வந்து இங்கே உட்கார்ந்தார்கள். நாடு முழுக்க இப்படி இருந்த கச்சேரிகளில் முக்கியக் கட்டடம் அப்படியே மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1969 வரை அரசு ஆபீஸாகவே ஓடியது, அதனால்தான் இடிபடவில்லை என்று எனக்குத் தோன்றும்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பை தருவார்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டே சுற்ற வேண்டும். குளிர்காலத்தில் அந்த மரத்தரை பாதத்தைக் கடிக்கும். இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள்ளுங்கள், இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

உள்ளே மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். முதலாவது, தூண்களிலும் சட்டங்களிலும் ஆணித் தலையை மறைக்க அடித்திருக்கும் முயல் வடிவத் தகடு. கூட வரும் குழந்தைகளிடம் எத்தனை முயல் என்று எண்ணச் சொன்னால் அரை மணி நேரம் நிம்மதி. இரண்டாவது, விசாரணை நடந்த இடம். சரளைக் கல்மேல் மண்டிபோட வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், கருவிகளும் அங்கேயே இருக்கின்றன. மூன்றாவது, பின்னால் இருக்கும் நெல் கிடங்கு. அது இடிக்கப்பட்ட கோட்டையிலிருந்து 1695இல் பெயர்த்துக் கொண்டுவந்தது. சுவர் சற்றே உள்பக்கம் சாய்ந்து எழும், கூரை முழுக்க மரச்சீவல் ஓடு. வரி நெல்லை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்த இடம் அது.

ஆனால் ஹிதாவின் பழைய வரி நெல் இல்லை. இந்த மலையில் நெல் எங்கே விளைந்தது? எட்டாம் நூற்றாண்டில், நாரா தலைநகராக இருந்தபோது, மற்ற ஊர்கள் துணியும் தானியமும் கட்ட, ஹிதா மட்டும் ஆட்களைக் கட்டியது. ஐம்பது வீட்டுக்குப் பத்துத் தச்சர்கள் என்று கணக்கு. அவர்கள் மலை இறங்கி நடந்து போய் தலைநகரின் கோயில்களையும் அரண்மனைகளையும் எழுப்பினார்கள். 'ஹிதா நோ தகுமி', அதாவது ஹிதாவின் கைவினைஞர், என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். அதன்பிறகு இந்த ஊரில் மரம் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

ஐந்து மணிக்கு மேல் சிவப்பு நாகபாஷிப் பாலத்தைத் தாண்டி, பழைய தெரு என்று நான் சொன்ன சன்மாச்சித் தெருக்களுக்குப் போகலாம். கடைகள் மூடியிருக்கும். மூடியிருக்கட்டும், அதுதான் வேண்டும். கருத்த மரச்சட்ட ஜன்னல்கள், கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்வாரம், தெருவின் இரண்டு ஓரத்திலும் ஓடும் வாய்க்கால். பகலில் அந்த வாய்க்கால் இருப்பதே தெரியாது. சாயங்காலம் அதன் சத்தம் மட்டும்தான் கேட்கும். தீப்பிடித்தால் அணைக்கவும் பனியைத் தள்ளிவிடவும் அதே தண்ணீர்தான். சில வாசல்களில் பெரிய பூசணி அளவுக்கு ஓர் உருண்டை தொங்கும், தேவதாரு இலைகளைக் கொத்தாகக் கட்டி உருட்டி வெட்டியது. அது சாகே என்ற அரிசி மது காய்ச்சும் வீடு. புது சாகே இறங்கியதும் பச்சையாக மாட்டுவார்கள், மாதங்கள் போகப் போகப் பழுப்பாகும். சாகே எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதைத் தெருவில் நின்றே நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

சாப்பாடு, குறிப்பாகச் சைவக்காரர்களுக்கு

மாட்டிறைச்சி சாப்பிடுபவர்களுக்கு இங்கே வழிகாட்டி தேவையில்லை, மூக்கே காட்டிக்கொடுக்கும். என் கவலை எப்போதும் அம்மா மாதிரி ஆட்களைப் பற்றித்தான்.

ஜப்பானில் சைவத்துக்கு எதிரி கறி இல்லை, 'தஷி'. எல்லாக் குழம்பிலும் ரசத்திலும் அடியில் இருக்கும் சாறு அது. பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுப்பார்கள். நம் தெற்கத்திக்காரர்களுக்கு எளிதாகச் சொன்னால் அது மாசிக் கருவாட்டின் ஒன்றுவிட்ட சகோதரன், அதே சூரை வகை மீனை வேகவைத்துக் கல்லாகும்வரை காயவைத்துச் சீவுவது. காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும் இது இருக்கும். "நிகு நஷி" (கறி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். "சகானா மோ, கட்சுவோ தஷி மோ தமே தெஸ்" (மீனும் ஆகாது, கட்சுவோ தஷியும் ஆகாது) என்று சேர்த்துச் சொல்லுங்கள். விடுதியில் சாப்பாட்டோடு பதிவு செய்வதாக இருந்தால், போய் இறங்கிச் சொல்லாதீர்கள், ஒரு வாரம் முன்னாலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் தங்கிய சின்ன விடுதியின் அம்மாள், கடற்பாசியும் காளானும் போட்டுத் தனியாகச் சாறு எடுத்து வைத்திருந்தார். கேட்டால் செய்கிறார்கள், நேரம் கொடுக்க வேண்டும்.

அந்தக் காலைச் சாப்பாட்டில்தான் ஹோபா மிசோ வந்தது. ஹோ என்பது மலைக்காட்டு மரம், இலை ஒரு முழத்துக்குக் கிட்ட இருக்கும். காய்ந்த இலையை நனைத்து, அதன்மேல் மிசோ (புளிக்கவைத்த சோயா) விழுது, வெங்காயத்தாள், காளான் எல்லாம் பரப்பி, மேஜையிலேயே சின்ன அடுப்பில் வைத்துவிடுவார்கள். ஓரம் கருகிப் புகை வரும்போது கிளறி, சூடான சோற்றில் வைத்துச் சாப்பிட வேண்டும். அம்மா இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டுவிட்டு, "இலையையும் திங்கலாமா?" என்று கேட்டாள். கூடாது.

தெருவில் மிதராஷி தாங்கோ. ஜப்பானின் மற்ற ஊர்களில் இந்த அரிசி உருண்டைக்கு இனிப்புப் பாகு ஊற்றுவார்கள், இங்கே சோயா சாஸ் மட்டும் தடவிக் கரியில் வாட்டுவார்கள். ஒரு குச்சியில் ஐந்து உருண்டை. இனிப்பை எதிர்பார்த்துக் கடித்தவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன், நம்மவர்கள் யாரும் சுளித்ததில்லை. சிவப்பு முள்ளங்கி மாதிரி இருக்கும் அகாகபு ஊறுகாயும் நமக்குப் பிடிக்கும். ஊறுகாயைச் சூடான தட்டில் வதக்கி முட்டை ஊற்றித் தருவது 'ட்சுகெமோனோ ஸ்டேக்', பனிக்காலத்தில் உறைந்துபோன ஊறுகாயைச் சாப்பிட இவர்கள் கண்டுபிடித்த வழி. முட்டை சாப்பிடுபவர்கள் வாங்கலாம், ஆனால் மேலே அந்த மீன் சீவலைத் தூவிவிடுவார்கள். "கட்சுவோபுஷி நஷி தே" என்று முன்னமே சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் காலை

ஏழு மணிக்கு மியாகவா ஆற்றங்கரையில் சந்தை தொடங்கும், டிசம்பர் முதல் மார்ச் வரை எட்டு மணிக்கு. பன்னிரண்டுக்கு மூடிவிடும். எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அந்த நேரத்தில்தான் உள்ளூர்ப் பாட்டிகள் உள்ளூர்ப் பாட்டிகளிடம் காய்கறி வாங்குவதைப் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் நாம்தான் நம்மிடம் வாங்குகிற மாதிரி ஆகிவிடும். ஆப்பிள், காளான், சான்ஷோ மிளகு, ஊறுகாய், கையால் தைத்த சருபோபோ. இது சிவப்புத் துணிப் பொம்மை, ஹிதா பேச்சில் 'குரங்குக் குட்டி'. பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்தது. முகமே கிடையாது, கண் மூக்கு எதுவும் வரைய மாட்டார்கள். இப்போது எல்லா நிறத்திலும் விற்கிறார்கள், பச்சை ஆரோக்கியத்துக்கு, மஞ்சள் பணத்துக்கு என்று. சிவப்பை வாங்குங்கள்.

சந்தையிலிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் குசாகபே என்ற பழைய வியாபாரிக் குடும்பத்தின் வீடு. 1875 தீயில் எரிந்துபோய் 1879இல் திரும்பக் கட்டியது. உள்ளே போய் வாசல் கூடத்தில் நின்று நேரே மேலே பாருங்கள். தளமே இல்லாமல் கூரைவரை திறந்த வெளி, குறுக்கும் நெடுக்குமாகப் போகும் உத்தரங்கள். வியாபாரிகள் உயர்ந்த மரத்தில் வீடு கட்டக்கூடாது என்ற ஷோகன் காலத்துக் கட்டுப்பாடு போய்ப் பத்துப் பதினொரு வருடம்தான் ஆகியிருந்தது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த தச்சர்களின் கை அங்கே தெரியும்.

திருவிழா, மழை

வருடத்துக்கு இரண்டு. ஏப்ரல் 14, 15இல் தெற்குப் பாதி ஊருக்கு ஹியே கோயில் திருவிழா, பன்னிரண்டு தேர். அக்டோபர் 9, 10இல் வடக்குப் பாதிக்கு ஹச்சிமான் கோயில் திருவிழா, பதினொன்று. கிழமை எதுவானாலும் தேதி மாறாது. தேர் என்று நான் சொல்வது 'யதாய்'. மூன்று அடுக்கு, அரக்கு, தங்க இலை, நெய்த திரைகள், எல்லாம் இந்தத் தச்சர் பரம்பரையின் வேலை. தெருமுனையில் திரும்பும்போது மட்டும் அடியிலிருந்து கூடுதலாக ஒரு சக்கரத்தை இறக்கி, அதன்மேல் முழுத் தேரையும் சுழற்றுவார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக முனையில் இடம் பிடியுங்கள், நேர்த்தெருவில் நிற்காதீர்கள்.

அம்மாவைக் கூட்டிப்போனது அக்டோபர் திருவிழாவுக்கு. மூன்று மாதம் முன்னால் தேடியும் தகயாமாவில் அறை இல்லை. ரயிலில் கால் மணி நேரம் வடக்கே ஹிதா ஃபுருகாவாவில் கிடைத்தது. இதையே உங்களுக்கும் சொல்வேன், ஆனால் உள்ளூர் வண்டிகள் குறைவு, நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெள்ளைச் சுவர்க் கிடங்குகளை ஒட்டி ஓடும் வாய்க்காலில் கெண்டை மீன்கள் நீந்தும், குளிர்காலத்தில் மட்டும் அவற்றைக் குளத்துக்கு மாற்றிவிடுவார்கள். வீடுகளின் தாழ்வாரத்துக்கு அடியில் அண்ணாந்து பாருங்கள். வெள்ளை பூசிய சின்னச் சுருள் வேலைப்பாடு இருக்கும். 'குமோ', மேகம். ஒவ்வொரு தச்சருக்கும் ஒவ்வொரு வடிவம், அது அவர் கையெழுத்து.

ஒன்பதாம் தேதி மதியம் தூறல். தேர்கள் வரவில்லை. ராத்திரி, தேருக்கு நூறு விளக்கு ஏற்றிக்கொண்டு வரும் ஊர்வலமும் ரத்து. மறுநாளுக்குத் தள்ளிவைப்பதெல்லாம் கிடையாது, போனால் போனதுதான். "ஒரு தூறலுக்கா தேரை நிறுத்துவாங்க?" என்றாள் அம்மா. அரக்கிலும் தங்க இலையிலும் துளி நீர் படக்கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

மழை வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. தேர்க் கொட்டகைகளைத் தேடிப் போங்கள். ஊருக்குள் ஆங்காங்கே, வீடுகளுக்கு நடுவே, மிக உயர்ந்த கதவுகளோடு நிற்கும் வெள்ளைக் கட்டடங்கள் அவை. மழை நாளில் கதவைத் திறந்து வைத்துத் தேரை உள்ளேயே காட்டுவார்கள். கூட்டம் சலித்துப்போய்க் கலைந்திருக்கும். குடையோடு ஒரு கை தூரத்தில் நின்று செதுக்கலைப் பார்க்கலாம், வெயில் நாளில் இது கிடைக்காது. அம்மா ஒரு தேரின் கீழ்ச்சட்டத்தில் இருந்த சிங்கத்தின் பல்லைப் பத்து நிமிடம் பார்த்தாள்.

மறுநாள் வெயில். ஹச்சிமான் கோயில் வளாகத்தில் ஹோதெய் தேரின் பொம்மலாட்டம். 36 கயிறுகளை எட்டொன்பது பேர் உள்ளே மறைந்திருந்து இழுக்கிறார்கள். இரண்டு சிறுவர் பொம்மைகள் ஊஞ்சல் ஊஞ்சலாகத் தாவி வந்து ஹோதெய் சாமியின்மேல் ஏறிக்கொள்ளும். தாவும் பொம்மைக்கும் கம்பிக்கும் நடுவே கயிறே தெரியாது. ஒரு மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள், பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலி எடுத்துப்போக நினைக்காதீர்கள், வைக்க இடமிருக்காது. திருவிழா நாளில் போக முடியாதவர்களுக்கு அதே கோயிலுக்குப் பக்கத்தில் யதாய் காட்சிக்கூடம் இருக்கிறது, அக்டோபர்த் தேர்களில் நான்கை மாற்றி மாற்றி வைப்பார்கள்.

மிச்ச நேரம் இருந்தால் பேருந்தில் பத்து நிமிடம் போய் ஹிதா நோ சதோ. மலைக் கிராமங்களிலிருந்து பெயர்த்து வந்த பழைய வீடுகள், ஒரு குளத்தைச் சுற்றி. தினமும் உள்ளே அடுப்பு எரிப்பார்கள், புகை ஏறினால்தான் கூரைப்புல்லில் பூச்சி வராது. சட்டையில் அந்தப் புகை வாசம் நகோயாவரை வரும். புல்கூரை வீடுகளுக்குப் பேர்போன ஷிராகவாகோ கிராமத்துக்குப் போகத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள், இரண்டையும் ஒரே மதியத்தில் திணிக்காதீர்கள்.

நவம்பரில் போனால் ஸ்டேஷன் பக்கத்திலேயே கொகுபுன்ஜி கோயிலில் 1,200 வருடத்துக்கு மேற்பட்ட ஜிங்கோ மரம். அதன் இலை உதிர்ந்து முடிந்தால் பனி வரும் என்பது ஊர்ப் பேச்சு. நான் போனபோது பாதி மரம் மஞ்சளாகத் தரையில் கிடந்தது.

என்ன வாங்கலாம்

இரண்டில் ஒன்று. ஷுன்கெய் அரக்குத் தட்டு: மற்ற ஊர் அரக்கு மரத்தை மூடும், இது கண்ணாடி மாதிரி, கீழே மரத்தின் ரேகை அப்படியே தெரியும். விலை கொஞ்சம் கடிக்கும். அல்லது இச்சீ மரத்தில் உளியால் செதுக்கிய சின்ன உருவம். சாயம் பூச மாட்டார்கள். மரத்தின் வெளிப்பகுதி வெளுப்பு, உள்வைரம் சிவப்பு, அந்த இரண்டையும் வைத்தே உருவத்துக்கு நிறம் கொண்டுவருவார்கள். வருடம் ஆக ஆக நிறம் கருக்கும்.

அம்மா ஒரு தவளை வாங்கினாள், கட்டைவிரல் அளவு. பெட்டியில் வைத்தால் உடையும் என்று என் வீட்டிலேயே விட்டுப் போனாள். மூன்று வருடமாக எங்கள் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வீடியோ காலில் பேசி முடிக்கும்போது, "அதைக் கொஞ்சம் கிட்டக் காட்டுடி, எவ்வளவு கருத்திருக்குன்னு பார்ப்போம்" என்பாள்.